மட்டாஞ்சேரில இருக்குத மகளுக்கு

எம்மா,

கோரைக்கட்டு வந்துட்டுன்னு ஒரு வரி போட்டதோட சரி, அதுக்கப்புறம் போன் அடிச்சா எடுக்க மாட்டுக்க, மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் விழுது, சரி வேலை மும்முரம்னு நெனச்சுக்கிட்டேன். அந்தக் கட்டு பத்தமடைல பாய் நெய்யுத அக்காட்ட சொல்லி வச்சு வாங்குனது, தாமிரவருணில ஊறப்போட்டு கிழிச்சு காயவச்ச நயம் கோரை. அத கட்டோட கொடோன் மூலைல போட்டு வைக்காத, கொச்சிக் காத்து ஈரக்காத்து, பிரிச்சு வெயில்ல ஒணத்து. இல்லன்னா பூஞ்சை புடிச்சிரும், பூஞ்சை ஒனக்கு ஆகாது. மாஸ்க் போடுதியா?

நீ கோரைல கட்டுத கலைவேலை போட்டோ பாத்தோம். கூரையிலருந்து தரை வரைக்கும் கோரை எறங்குது, குனிஞ்சு உள்ள போயி நின்னா சுத்திலும் கோரைதான், ஆத்து வாசம் கூட வரும் போல இருக்கு. செவப்புக்குப் பதிமுகம் காச்சி முக்குனியாமே, அங்க ஓட்டல்ல குடிக்கத் தருத செவப்பு வெந்நில கெடக்க கட்டைதான, இங்க பாய்க்கும் அந்தக் காலத்துல அதான் சாயம். பிளாஸ்டிக் இல்ல, தெர்மாகோல் இல்ல, எல்லாம் மண்ணுல போட்டா மக்கிப் போற சாமான். ஒங்கப்பா தெரு முழுக்க போன நீட்டிக் காட்டியாச்சு. சித்தி மட்டும் "பாய் பின்னுததுக்கா இத்தன படிப்பு"ன்னா, நான் விடல, 1953ல இங்கிலாந்து ராணி பட்டாபிஷேகத்துக்குப் போனது பத்தமடைப் பாய்தான்னு சொன்னேன், வாயத் தொறக்கல.

ஆனா அந்தப் போட்டோல நீ ஏணி உச்சில நிக்க, கீழ ஒருத்தரும் இல்ல. போன வருசப் போட்டோ எல்லாத்துலயும் ஏணிக்கால்ல ஒரு கை தெரியும். நான் ஒண்ணும் கேக்கல.

நீதான காட்டுன, கானா நாட்டுச் சிற்பி எல் அனாட்சுய், சாராய பாட்டில் மூடிய நசுக்கி செம்புக் கம்பில கோத்து 2023ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியம் ஹால்ல அம்மாம் பெருசா தொங்கவிட்டாருல்லா. அம்புட்டுப் பேரு வாங்குன மனுசன், அவரு நைஜீரியா பட்டறைல எத்தன பேரு கூட உக்காந்து கோக்காவ. அவருக்கே அத்தன கை வேணும், நீ ஒத்தையில மேல ஏறுனா எப்பிடிட்டி?

ஒட்டுததுக்குக் கஞ்சிப்பசைதானன்னு அப்பா கேட்டாவ. வெறுங்கஞ்சின்னா அதுலதான் பூஞ்சை மொதல்ல வரும், காச்சும்போது துளி மயில்துத்தம் போடு, அது வெசம், கைல வாயில படப்பிடாது. மாஸ்க் போடு.

ஆச்சி திவசத்துக்கு வரல, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லல. எல்லாரும் கேட்டாவ, ஷோ இருக்குன்னு நானே சொல்லிச் சமாளிச்சேன். தம்பிக்கு வேலை கெடச்சிருக்கு, அத அவனே சொல்லுவான்.

வெள்ளிக்கெழம ராத்திரி பாலருவி ரயில்ல அப்பா வாராவ, இன்னொரு கட்டுக் கோரையோட. டிக்கெட் எடுத்தாச்சு, வேண்டாம்னு சொல்லாத. ஒண்ணும் கேக்க மாட்டாவ, நான் சொல்லிருக்கேன், ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாவ, அம்புட்டுதான். சுகர் மாத்திரைய மறந்துருவாவ, நீ ஞாவகப்படுத்து. ஒன் இன்ஹேலர் தீந்திருந்தா வியாழக்கெழமைக்குள்ள சொல்லு, கொடுத்து விடுதேன்.

அம்மா