ஏற்றுமதிக் கதவை இரவோடு இரவாகச் சாத்தாதீர்கள்

தானியமும் எண்ணெய் வித்தும் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வணிக அமைச்சர்களுக்கும் வேளாண் அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

பயிர்ச் செலவுக் கணக்கையும் ஏற்றுமதிக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த இரண்டு கணக்கிலும் எழுதப்படாத ஒரு செலவு உண்டு. நாளைக்கே ஓர் அறிவிப்பு வந்து ஏற்றுமதி நின்றுவிடலாம் என்ற பயம்தான் அது. அந்தச் செலவை விவசாயி தலையில் கட்டாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு டன் கோதுமைக்குக் களத்தில் என்ன விலை கொடுக்கலாம் என்று வியாபாரி பார்க்கும்போது, உழவுக்கும் உரத்துக்கும் ஆன செலவிலிருந்து அவர் தொடங்குவதில்லை. கப்பலில் ஏற்றிக் கொடுத்தால் கிடைக்கும் எஃப்.ஓ.பி. விலையிலிருந்து பின்னோக்கி வருகிறார். துறைமுகக் கூலி, கிடங்கு வாடகை, சுத்தம் செய்யும் செலவு, லாரி வாடகை, வங்கி வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். அப்புறம் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்: சரக்கு வழியில் இருக்கும்போது தடை வந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு தொகையைக் கழிக்கிறார். மிஞ்சுவதுதான் விவசாயி கைக்குப் போகிறது. தடை வந்த ஆண்டில் மட்டும் கழித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை சூடுபட்ட வியாபாரி, தடை வராத ஆண்டுகளிலும் கழிக்கிறார். வெளிநாட்டில் வாங்குபவரும் அதே பயத்தில் விலையைக் குறைத்துக் கேட்கிறார், அல்லது வேறு நாட்டைத் தேடிப் போகிறார்.

போட்டித்திறன் என்றால் விளைச்சலும் கூலியும் நாணய மதிப்பும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயாவை மலிவாக விளைவிக்க முடியும். ஆனால் அமெரிக்க விவசாயிக்கு மிசிசிப்பி ஆற்றில் படகு இருக்கிறது. மாட்டோ குரோசோக்காரர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் லாரியை நம்பியிருந்தார். வயலில் கிடைத்த லாபத்தைச் சாலை தின்றது. அங்கிருந்து போகும் பி.ஆர்.-163 நெடுஞ்சாலைக்கு மிரிடிடூபா ஆற்றுத் துறைமுகம் வரை 2020-ல் தார் போட்டு முடித்ததும் அந்தச் சுமை குறைந்தது. தூரத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. ஆனால் வாங்குபவரிடம் இழந்த நம்பிக்கையை எந்த நிதி ஒதுக்கீட்டாலும் திரும்பக் கட்டிவிட முடியவில்லை. இதற்கு அமெரிக்காவே சாட்சி.

1973 ஜூன் மாதம். உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று அமெரிக்கா சோயா ஏற்றுமதியை நிறுத்தியது. முழுத் தடை சில நாள்தான். பிறகு உரிமம், அளவு என்று தளர்த்தி, சில மாதங்களில் எல்லாம் நீங்கிவிட்டது. ஆனால் தன் சோயாவில் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்த ஜப்பான் அதை மறக்கவில்லை. பிரேசிலின் செராடோ சமவெளியில் பணம் போட்டது. 1979-ல் இரு நாடுகளும் சேர்ந்து அங்கே பெரிய அளவில் பயிர்த் திட்டத்தைத் தொடங்கின. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டதும், வெப்ப மண்டலத்துக்கு ஏற்ற ரகங்களை பிரேசில் அரசின் எம்ப்ராப்பா வேளாண் ஆய்வு நிறுவனம் உருவாக்கியதும் இல்லாமல் அந்த நிலம் விளைந்திருக்காது. தடை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் போட்டியாளருக்கு முதலீட்டாளரைத் தேடிக் கொடுத்ததில் அந்தத் தடைக்குப் பங்கு உண்டு. இன்று உலகிலேயே அதிகமாகச் சோயா விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் பிரேசில்தான்.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நகரத்தில் உணவு விலை ஏறினால் முதலில் வாடுவது அன்றாடங்காய்ச்சிக் குடும்பம். அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் கடமை. என் கேள்வியெல்லாம், தடை அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறதா என்பதுதான். சில வாரங்களுக்கு உள்நாட்டு விலை இறங்கும். அப்புறம்?

அர்ஜென்டினாவைப் பாருங்கள். ரொட்டி விலையை அடக்க வேண்டும் என்றுதான் கோதுமை ஏற்றுமதிக்கு வரியும் அளவுக் கட்டுப்பாடும் வைத்தார்கள். எப்போது எவ்வளவு அனுப்ப விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. விவசாயிகள் கோதுமையைக் கைவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். 2012-ல் விதைத்த பரப்பு, ஐந்து ஆண்டுக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய பாதி. 2013-ல் அந்த நாட்டிலேயே மாவுக்குத் தட்டுப்பாடு வந்து ரொட்டி விலை எகிறியது. எதற்காகக் கட்டுப்பாடு போட்டார்களோ அதுவே தலைகீழாக நடந்தது. காலங்காலமாக அவர்களிடம் வாங்கிவந்த பக்கத்து நாடான பிரேசில், அமெரிக்கக் கோதுமையைத் தேடிப் போனது. 2015 டிசம்பரில் வரியும் கட்டுப்பாடும் நீங்கின. அடுத்த பருவத்திலேயே விதைப்பு மீண்டது.

ஒருவர் சாத்தினால் அடுத்தவரும் சாத்துவது இன்னும் மோசம். 2007 கடைசியில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்நாமும் கட்டுப்படுத்தியது. இறக்குமதி நாடுகள் பயந்து வாங்கிக் குவித்தன. உலக அரிசி விளைச்சலில் அந்த ஆண்டு பெரிய சரிவே இல்லை. ஆனால் தாய்லாந்து அரிசி சில மாதங்களில் டன்னுக்கு 400 டாலருக்குக் கீழிருந்து 1,000 டாலரைத் தொட்டது. தன்னிடம் தேங்கியிருந்த இறக்குமதி அரிசியை வெளியே விடத் தயார் என்று 2008 மே மாதம் ஜப்பான் பேசத் தொடங்கியதுமே விலை இறங்கத் தொடங்கியது. அரிசி கப்பல் ஏறும் முன்பே, பேச்சே போதுமானதாக இருந்தது. 2006-08 அரிசி விலையேற்றத்தில் சுமார் 45 சதவீதம், நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியும் இறக்குமதி வரியைக் குறைத்தும் உலக விலை தங்கள் சந்தைக்குள் வராமல் தடுத்துக்கொண்டதால் வந்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் வில் மார்ட்டினும் கிம் ஆண்டர்சனும் கணக்கிட்டார்கள்.

சின்ன விவசாயிக்கு என்ன ஆகிறது என்பதை 2022-ல் இந்தோனேசியா காட்டியது. பாமாயில் ஏற்றுமதியை ஏப்ரல் 28-ல் நிறுத்தி மே 23-ல் திறந்தார்கள். மொத்தம் நான்கு வாரம்கூட இல்லை. ஆனால் எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டிவிட்டால் ஓரிரு நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆலைகளின் தொட்டிகள் நிரம்பின, குலை விலை சரிந்தது, விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். விலை ஏறினால் வரும் லாபத்தில் பங்கு கிடையாது, இறங்கினால் முழு நட்டமும் அவர்களுக்கே என்றால் யார் மரத்துக்கு உரம் போடுவார்கள்?

உலக வணிக அமைப்பின் விதிகள் உங்களுக்குத் தடையாக இல்லை என்பதும் தெரியும். அந்த அமைப்பின் அடிப்படை வணிக ஒப்பந்தமான காட் ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு, கடும் உணவுப் பற்றாக்குறைக்குத் 'தற்காலிகமாக' தடை விதிக்க அனுமதிக்கிறது. எத்தனை நாள் தற்காலிகம் என்று சொல்லவில்லை. வேளாண் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது, ஆனால் வளரும் நாடுகளில் பலவற்றுக்கு அது பொருந்தாது. எனவே உங்கள் மனசாட்சியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூனில், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் மனிதநேய உதவிக்காக வாங்கும் உணவுக்குத் தடை போடமாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டீர்களே, அந்த மனசாட்சியிடம்.

ஏழைக் குடும்பத்துக்கு உதவ நினைத்தால் அந்தக் குடும்பத்துக்கே பணமோ தானியமோ கொடுங்கள். அதன் செலவை அரசு ஏற்கட்டும். களத்து விலையிலிருந்து எடுக்காதீர்கள். விலை சரிந்த ஆண்டில் வாங்கி இருப்பு வையுங்கள். கட்டுப்பாடு தவிர்க்கவே முடியாது என்றால், இன்ன விலையைத் தாண்டினால் இன்ன வரி என்று விதைப்புக்கு முன்பே எழுதி வையுங்கள். வரி எவ்வளவு என்று தெரிந்தால் அதை வைத்துக் கணக்குப் போடலாம். என்ன வரும் என்றே தெரியாத பயத்தை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், ஒன்றையாவது இப்போதே செய்யுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தையும் துறைமுகத்துக்கு வந்துவிட்ட சரக்கையும் தொடாதீர்கள். 2010 ஆகஸ்டில் ரஷ்யா பத்தே நாள் அவகாசத்தில் தானிய ஏற்றுமதியை நிறுத்தியபோது, முன்பே போட்ட ஒப்பந்தங்களும் அதில் சிக்கின. 2022 மே மாதம் இந்தியா கோதுமையை நிறுத்தியபோது, அன்றுவரை மாற்ற முடியாத எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) திறந்திருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தது. எல்.சி. இல்லாமல் வந்த லாரிகள் காண்ட்லா துறைமுகத்தின் வெளியே வரிசையில் நின்றன. அந்த லாரிகளில் இருந்ததும் யாரோ ஒருவர் விளைவித்துக் கொடுத்த சரக்குதான். அடுத்த அறிவிப்பை எழுதும்போது, விலக்குப் பட்டியலில் அவர்களுக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயிர்க் கணக்குப் பார்க்கும் ஒருவர்