எச்சரிக்கைத் தாளில் வெடிக்கும் பாட்டிலுக்கும் இடம் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், வீட்டில் பீர் தயாரிக்கும் பெட்டிகளை விற்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. வீட்டில் தயாரிக்கும் பீரில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் சேர்ந்து பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை பெட்டிக்குள் உள்ள தாளில் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதாகவும், ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்றும் அதில் கண்டிருந்தது. நாங்கள் புகார் செய்தது பாட்டில் வெடித்ததைப் பற்றி.

நடந்தவை யாவும் தங்கள் கோப்பில் இருப்பதால் மறுபடி விவரிக்கவில்லை. என் தம்பியின் வலக்கைச் சுட்டுவிரலில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து தசைநாண் அறுந்தது. தைத்துச் சேர்த்த பிறகும் அந்த விரல் முழுதாக மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானை இடக்கையால் போடப் பழகிவிட்டான். பேனா பிடிப்பதுதான் இன்னும் கைவரவில்லை. எச்சரிக்கைத் தாளை ஒரு வரி விடாமல் படித்தவன் அவன். கண் போகும் என்று அதில் இருந்தது. கை போகும் என்று இல்லை.

மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருள் சிதைவதால் உண்டாவது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டில் பெக்டின் மிகக் குறைவு என்பதால், மால்ட்டை நொதிக்க வைத்து, வடித்தெடுக்காமல் அப்படியே குடிக்கும் பீரில், மெத்தனால் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குச் சேர்வதில்லை. கூட்டம் கூட்டமாக உயிர்களைக் குடித்த மெத்தனால் சாவுகளில் பெரும்பாலானவை, தொழிற்சாலை மெத்தனாலை மதுவில் யாரோ கலந்ததால் நேர்ந்தவை. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

தாளில் இல்லாத ஆபத்துக்கு வருகிறேன். நொதித்தல் முடிந்த பிறகு, நுரைக்காக லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை சர்க்கரை சேர்த்துப் பாட்டிலை மூடுவது வழக்கம். நொதித்தல் முடியும் முன்பே மூடிவிட்டால், மிஞ்சியிருக்கும் சர்க்கரையையும் ஈஸ்ட் அந்தப் பாட்டிலுக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. சர்க்கரை கரையக் கரைய ஏறி, ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும் பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி ஹைட்ரோமீட்டர். அது 1.015 காட்டும்போது அடைத்த பீர் உள்ளே 1.010 வரை இறங்கினாலே வாயு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கோடை வெப்பம் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். சாக்கரோமைசஸ் டயாஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் புகுந்துவிட்டாலோ, சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துணுக்குகளையும் உடைத்துத் தின்று, அடைத்து வாரக்கணக்கான பிறகும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இவ்வளவும் இருக்க, தங்கள் தாளோ ஏழாம் நாள் அடைக்கலாம் என்று நாள்காட்டியைப் பார்க்கச் சொல்கிறது. ஹைட்ரோமீட்டரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, அந்தக் கருவி பெட்டியிலும் இல்லை.

வீட்டு பீர் முற்றிலும் பாதுகாப்பானது என்று நான் வாதிடவில்லை. கொதிக்கவைத்த சாறு, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு, புளிப்பு, ஆல்கஹால் ஆகியவை சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் பிழைப்பது அரிது. கெட்டுப்போன பீர் பெரும்பாலும் நாக்கைத்தான் வருத்தும். ஆனால் கெட்டுப்போன தானியத்தின் கதை வேறு. 2015 ஜனவரியில் மொசாம்பிக்கின் சிதிமா என்ற ஊரில், இழவு வீட்டில் பரிமாறிய பீரைக் குடித்து 75 பேர் மாண்டனர். முதலையின் பித்தநீரைக் கலந்துவிட்டார்கள் என்று முதலில் பேச்சு அடிபட்டது. மக்காச்சோள மாவில் பெருகிய ஒரு பாக்டீரியா உண்டாக்கிய போங்கிரெக்கிக் அமிலமே காரணம் என்று ஆய்வு பின்னர் காட்டியது. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. கெட்ட தானியத்தைத் தூக்கி எறியுங்கள் என்ற ஒற்றை வரியாவது தாளில் உண்டா என்றால், அதுவும் இல்லை.

ஆலையில் தயாரித்தால் மட்டுமே பாதுகாப்பு என்பது தங்கள் நிலைப்பாடானால், 1900 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் ஆர்செனிக் கலந்த சர்க்கரையால் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ளிய பீர் எவர் வீட்டு அடுப்படியில் காய்ச்சியது என்று கேட்கத் தோன்றுகிறது. இருக்கட்டும், அந்த வழக்காடலுக்காக இந்த மடலை எழுதவில்லை.

நாங்கள் கேட்பது சிறிய காரியம். எச்சரிக்கைத் தாளைத் திருத்துங்கள். சில நாள் இடைவெளியில் எடுத்த ஹைட்ரோமீட்டர் அளவுகள் மாறாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும் என்பதையும், அழுத்தம் தாங்கும் பாட்டிலைத் தவிர வேறெதிலும் அடைக்கக் கூடாது என்பதையும், அளவுக்கு மீறி நுரைக்கும் பாட்டில்களை வெறுங்கையால் தொடாமல் தடித்த துணியால் போர்த்திக் குளிர்விக்க வேண்டும் என்பதையும் முதல் பக்கத்தில், மெத்தனாலுக்குக் கொடுத்த அதே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ஹைட்ரோமீட்டர் இல்லாத பெட்டியை விற்க அனுமதிக்காதீர்கள்.

திருத்திய தாளுடன்தான் அடுத்த சரக்கு கடைக்கு வரும் என்ற உறுதியை எழுத்து வடிவில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்தப் பதிலில் மெத்தனாலைப் பற்றிய பத்தியைத் தாங்கள் தவிர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர்