தூசிப் பையின் அட்டையில் நாலு வரி அச்சிடுங்கள்

வேக்குவம் கிளீனர் தயாரிக்கும், விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எந்தப் பை எதனால் ஆனது, அது என்ன செய்யும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வாங்குகிறவருக்கும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்குப் பல வருடங்களாக இளைப்பு. துடைப்பம் கிளப்பும் தூசி ஆகாது என்றுதான் மெஷினே வாங்கினோம். போன மாதம் கடையில் மாற்றுப் பை கேட்டேன். "இதே சைஸ்தான், பொருந்தும்" என்று கொடுத்தார்கள். பொருந்தவும் செய்தது. வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தது. மெஷினின் பின்பக்கத்திலிருந்து அந்த வெளிச்சத்துக்குள் மெல்லிய தூசி புகையாக எழும்பியது. துடைத்து வைத்திருந்த கறுப்பு டிவி மேசையில் விரலால் கோடு போட முடிந்தது. அன்று ராத்திரி அம்மா படுக்க முடியாமல், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தார்.

பையை வெட்டிப் பார்த்தேன். ஒற்றை அடுக்குக் காகிதம். கால்வாசிகூட நிரம்பவில்லை, அதற்குள் உள்பக்கம் மாவு பூசியதுபோல அடைத்திருந்தது. பொடித் தூசி காகிதத்தின் துளைகளை மூடியதும் காற்றோட்டம் குறைந்து இழுவை போய்விடுகிறது. துணிப் பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் பொடித் தூசி நெசவின் இடைவெளி வழியாக வீட்டுக்குள்ளேயே வரும், மொட்டை மாடியில் உதறுகிறவர் மூக்கிலும் ஏறும். நெய்யாத செயற்கை இழையில் செய்த பல அடுக்குப் பை வேறு ரகம். என்95 முகக்கவசத்தின் நடுவில் இருக்கிறதே, அதே மெல்ட்புளோன் வகை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊதி மெல்லிய இழையாக்கியது. தூசி அதன் தடிமனுக்குள் தங்குவதால் பை நிரம்ப நிரம்பவும் காற்று போகும். இழையில் ஏற்றிய மின்னேற்றமும் நுண்தூசியைப் பிடித்துவைக்கும். துவைத்தால் அது கெடும். இது தெரியாமல் அலசிக் காயப்போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அட்டையில் ஒரு வார்த்தை இல்லை.

நாலு வரி போதும்: என்ன பொருள், எத்தனை அடுக்கு, நுண்தூசியில் எத்தனை சதவீதம் பிடிக்கும், பாதி நிரம்பிய பிறகு காற்றோட்டம் எவ்வளவு.

கடைசி வரியைக் காலிப் பையில் அளந்து போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேக்குவம் கிளீனருக்கு 2014 முதல் இருந்த மின்சிக்கன லேபிள் விதியை அங்குள்ள பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் ரத்து செய்தது. தூசி சேராத நிலையிலேயே சோதித்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் பை நிரம்பிக்கொண்டேதான் இருக்கிறது.

பெட்டிமேல் வாட் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அது மின்சாரம் செலவாகும் கணக்கு, தூசி பிடிக்கும் கணக்கு இல்லை. தண்ணீர் வடிகட்டிக்கு மாற்று வாங்கப் போனாலும் இதே கதைதான். மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி விற்கிறவர்கள், மாற்றுப் பொருளைக் கேட்டால் சைஸோடு முடித்துக்கொள்கிறார்கள். மூச்சு முட்டுகிறவர் வீட்டில் சைஸ் மட்டும் தெரிந்து என்ன செய்ய?

சரி, கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது அந்த நாலு வரியையும் தமிழிலும் சேர்த்துப் போடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய பையை எடுத்து வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்றால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்