இன்னா லில்லாஹி மவுத்துக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்றாடம் ஓதும் திக்ருகள், அதாவது அல்லாஹ்வை நினைத்துச் சொல்லும் சொற்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, என்னிடம் ஓத வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே ரங்கூனில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கப் பர்மியம்தான். அதனால் உங்கள் இதழை நான் வாசிக்க, அவர்கள் கேட்பார்கள்.

பிஸ்மில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், மாஷா அல்லாஹ் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்பதற்கு நேரே ‘மரணச் செய்தி கேட்டால் சொல்வது’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அது எனக்கு மனசு கேட்கவில்லை.

1987 செப்டம்பரில் எனக்குப் பத்து வயது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்த நாள். மாற்றியும் தரமாட்டார்கள். மொகல் தெருவில் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) சின்னதாய்க் கைலிக்கடை. கல்லாப்பெட்டியை வீட்டுக்கே தூக்கிவந்து பாயில் கவிழ்த்தார். செல்லும் நோட்டு ஒரு பக்கம், செல்லாதது ஒரு பக்கம் என்று பிரித்தார். செல்லாத பக்கம்தான் உயர்ந்துகொண்டே போனது. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றார். நான் பதறிப்போய், “யாரு அத்தா மவுத்து?” என்று கேட்டேன். “யாரும் மவுத்தாகலம்மா. காசு போச்சு. அதுவும் அவன் கொடுத்ததுதானே” என்றார்.

அத்தா சொன்னது குர்ஆனில் அப்படியே இருக்கிறது. அல்பகரா சூராவின் (அத்தியாயத்தின்) 155ஆம் வசனம் பயம், பசி, பொருள் நஷ்டம், உயிர் நஷ்டம், விளைச்சல் நஷ்டம் என்று சோதனைகளை வரிசையாகச் சொல்கிறது. அடுத்த வசனத்தில்தான், முஸீபத்து, அதாவது துன்பம் வந்தால் பொறுமையாளர்கள் சொல்வதாக இந்த வாக்கியம் வருகிறது. ‘நாங்கள் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள்’ என்பது பொருள். உயிர் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து ஓதும் துஆவையும் (வேண்டுதலையும்) கட்டுரை விட்டுவிட்டது. ‘அல்லாஹும்ம அஜுர்னீ ஃபீ முஸீபத்தீ வ அக்லிஃப் லீ கைரன் மின்ஹா.’ என் துன்பத்துக்கு எனக்குக் கூலி தா, போனதைவிட நல்லதை அதற்குப் பதிலாகத் தா என்று கேட்பது. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூலில் பதிவாகியிருக்கிறது. கணவர் அபூ ஸலமா இறந்தபோது, அவரைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று அந்த அம்மையார் மனதுக்குள் நினைத்தும், துஆவை விடாமல் ஓதினார். பின்னால் நபிகள் நாயகமே (ஸல்) அவரை மணந்துகொண்டார்கள்.

2025 மார்ச் 28, ரமலானின் கடைசி ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை). பள்ளிவாசல்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூகம்பம் வந்தது. மாண்டலேயில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவரோடு மறுநாள்தான் பேச முடிந்தது. வீடு தரைமட்டம், ஆனால் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். நான் இன்னா லில்லாஹி என்று தொடங்க, அவர் அந்த துஆவை ஓதி முடித்தார். ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அடுத்த இதழில் இந்த துஆவையும் தமிழ்ப் பொருளோடு கட்டாயம் போடுங்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரங்கூன்.