வண்டி கிளம்பும் முன் ஒரு இழு

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

ஜூனில் குழந்தைகளோடு ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன் போகப்போவதாக எழுதியிருந்தாய். என் மனைவியிடம் சொன்னேன். "முதல்ல ஃபிரிட்ஜ் கதவைப் பத்தி எழுதுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

போன அக்டோபரில் எங்கள் ஆர்வியில், அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து செடோனாவுக்கு 89ஏ சாலையில் இறங்கினோம். ஓக் கிரீக் கேன்யனுக்குள் இறங்கும் இடத்தில் அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு இடது வளைவில் பின்னால் தடால் என்று சத்தம். ஃபிரிட்ஜ் திறந்து, வீட்டில் அரைத்து எடுத்து வந்த இட்லி மாவு, தயிர், முட்டை எல்லாம் தரையில். ஓரங்கட்ட இடமில்லை. அடுத்த வளைவுகளில் கதவு அடித்து அடித்து, கீழ்க் கீல் வளைந்தேபோனது. பின்சீட்டில் பேரன் இருந்தான். அந்தக் கதவு அவன் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

காலையில் அதை மூடியது நான்தான். பால் கேன் கதவில் முட்டிக்கொண்டிருந்ததால் கொக்கி விழவே இல்லை. ஆனாலும் மூடியதுபோலத்தான் தெரிந்தது, ஏனென்றால் ரப்பர் பட்டைக்குள் இருக்கும் காந்தம் கதவை இழுத்துப் பிடித்திருந்தது. வீட்டில் அந்தக் காந்தம் போதும். வளைவில் போதாது. எங்கள் வண்டியில் ஃபிரிட்ஜ் டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கச் சுவரில், நடைவழியைப் பார்த்து இருக்கிறது. இடது பக்கம் திரும்பும்போது உள்ளே இருக்கிற பாத்திரமெல்லாம் வலது பக்கம் சரிந்து கதவைத்தான் தள்ளும்.

அதனால் கண்ணை நம்பாதே. கொக்கி 'டக்' என்று விழுந்த பிறகும் ஒருமுறை கையால் இழுத்துப் பார். கனமானவை கீழ்த் தட்டில். தட்டுகளுக்குக் குறுக்கே முட்டுக்கொடுக்கும் ஸ்பிரிங் கம்பி சில டாலருக்குக் கிடைக்கும், இரண்டு வாங்கு. நீ எடுக்கும் வண்டியில் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கொக்கியே இல்லாதது இருந்தால், கைப்பிடிகளைச் சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடு. சில மாடல்களில் கொக்கிக்கு இரண்டு நிலை உண்டு. வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவை லேசாகத் திறந்தே வைப்பது ஒன்று. வண்டியை வாங்கும்போது அந்த நிலையில் விட்டிருக்கிறார்களா என்று கேள்.

இவ்வளவு சொல்லக் காரணம், பழைய ஆர்விகளில் பெரும்பாலும் கேஸிலும் ஓடும் அம்மோனியா ஃபிரிட்ஜ்தான். கம்ப்ரசர் கிடையாது. குளிர் போனால் திரும்ப ஏற மணிக்கணக்காகும். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே, வண்டியைச் சமமாக நிறுத்தி ஓடவிடு. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வை. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் 2 மணி நேரம் கிடந்த பாலையும் கறியையும் யோசிக்காமல் எறிந்துவிடு.

போய்ச் சேர்ந்ததும் ஃபிரிட்ஜ் கதவை மெதுவாகத் திற, உள்ளே சரிந்தவை விழாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

இப்போதெல்லாம் இவள் வெளியே வண்டியைச் சுற்றி வருவாள். நான் உள்ளே ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சாவி.

ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கும் தேதியைச் சொல். ஃபீனிக்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், வந்துவிடுகிறோம். மாவு நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்