தண்ணீர்க் குழுவுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளியில் ஒரு தண்ணீர்க் குழு தொடங்குகிறோம். படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் என்ன ஆவது என்று சிலர் போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கர்விதா குல்ஹாட்டியைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நம் பெங்களூர்ப் பெண். 2015இல், பதினைந்து வயதில், ‘ஒய் வேஸ்ட்?’ என்ற அமைப்பைத் தொடங்கியவர். ஹோட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார்கள், நாம் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம், மீதி நேராகச் சாக்கடைக்கு. பாதி டம்ளர் ஊற்றுங்கள், தேவைப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று ஹோட்டல்காரர்களிடம் கேட்க ஆரம்பித்தார். இவ்வளவுதான் யோசனை. பெரியவர்கள் கூப்பிடட்டும் என்று அந்தப் பெண் காத்திருக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அதே 2015இல் ஐ.நா. சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்று, 2030 என்று கெடுவும் வைத்தது. ஆறாவது இலக்கு தண்ணீர். அந்தக் கெடு முடியும்போது நம் பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதை ஒட்டி நிற்பார்கள்.

பெங்களூருக்குக் காவேரித் தண்ணீர் சும்மா வருவதில்லை. மண்டியா மாவட்டத்துத் தொரெக்காடனஹள்ளிப் பக்கமிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், வழியில் கட்டம் கட்டமாகப் பம்ப் செய்து அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கருக்காகக் காத்துக் கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் சொன்னதும் அப்போதுதான். அந்த அக்டோபரில் காவேரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத் திட்டம் வந்தது, சரி, ஆனால் அதுவும் அதே ஆற்றுத் தண்ணீர்தானே, கீழே தஞ்சாவூர்ப் பக்கம் நம் சொந்தக்காரர்களும் அதை நம்பித்தான் நாற்று விடுகிறார்கள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் குடிநீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு, குடத்தில் ஒரு லிட்டர் சேர்வதற்குள் பக்கெட்டில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று லிட்டர்! முதலில் அம்மா திட்டினாராம், அப்புறம் இப்போது அவரே பக்கெட் வைத்துப் பிடித்து, அதில்தான் தரை துடைக்கிறாராம். இதைவிட நல்ல அறிவியல் பாடம் எங்களால் நடத்த முடியாது.

பள்ளிச் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் அளவு பார்ப்பதையும் டேங்கர் கணக்கு நோட்டையும் குழுவிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் உட்காருவார்கள், தண்ணீர்ச் செலவைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் முடிவு எடுப்போம். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தயவுசெய்து யாரும் நடுவில் அடக்க வேண்டாம். சார்ட் எழுதிக் கொடுப்பது, பேச்சு தயாரித்துக் கொடுப்பது இதெல்லாமும் வேண்டாம். தப்பும் தவறுமாக இருந்தாலும் அவர்களே செய்யட்டும். பரிசு, சர்டிபிகேட் எதுவும் கிடையாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை பிள்ளைகள் அல்சூர் மார்க்கெட் பக்கத்து ஹோட்டல்களுக்குப் போய், பாதி டம்ளர் பற்றித் தமிழிலும் கன்னடத்திலும் பேசப் போகிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் கூடப் போவார்கள், பெற்றோரில் நாலைந்து பேர் வந்தால் ரோடு தாண்டும்போது உதவியாக இருக்கும். உங்களில் ஹோட்டல், டீக்கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், முதலில் உங்கள் கடைக்கே வருகிறோம். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்