முட்டைக்கோஸ் பிரியனான ரோபோவும் உங்கள் கேள்வித்தாளும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் சமூக உறவுகளுக்கான ஆணையத்தாருக்கு,

வணக்கம். 2025 ஜூனில் நீங்கள் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார், அதன் விளைவாக ஆண்டுக்குச் சுமார் 8,71,000 பேர் சாகிறார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 11 பேர் தனிமையை உணர்கிறார்கள் என்றால் ஏழை நாடுகளில் அது 24 என்பதையும் கவனித்தேன். தனிமை என்பது வெள்ளைக்காரன் வியாதி என்று அடித்துப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு அது.

ஆனாலும் அறிக்கை எனக்கு விளக்காத ஒன்றை, காமெடி என்று நம்பிப் போட்ட படம் விளக்கிவிட்டது. 2022இல் வந்த 'பிரையன் அண்டு சார்லஸ்' என்ற பிரிட்டிஷ் படம். இயக்கியவர் ஜிம் ஆர்ச்சர். நாயகனாக டேவிட் ஏர்ல், ரோபோவாக கிறிஸ் ஹேவர்ட். இவர்கள் இருவரும்தான் எழுதியும் இருக்கிறார்கள். பட்ஜெட் எவ்வளவு சின்னது என்பது ரோபோவைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பழைய வாஷிங் மெஷின்தான் உடம்பு, துணிக்கடை பொம்மையின் தலை, ஒரு மூக்குக் கண்ணாடி. உள்ளே ஓர் ஆள் நிற்பதை மறைக்கக்கூட பெரிதாக மெனக்கெடவில்லை. இதென்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது.

வேல்ஸின் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிரையன் தனியாக இருக்கிறார். பொழுதன்றைக்கும் ஏதாவது செய்துகொண்டே இருப்பார். பைன் காய்களை ஒட்டிய ஒரு கைப்பை. முட்டை வைத்துக்கொள்ள ஒரு பெல்ட். எதற்கும் உதவாத இந்தச் சாமான்களைக் கேமராவுக்கு முன் சிரித்த முகத்தோடு எடுத்துக் காட்டுகிறார். சிரித்துக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: முட்டை பெல்ட்டைக் காட்ட அவருக்கு வீட்டில் ஒரு ஆள் இல்லை. 'எப்படி இருக்கீங்க' என்று நீங்கள் கேட்டால், 'வேலை சரியா இருக்கு' என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய மனிதர்.

அப்புறம் அவர் செய்துவைத்த ரோபோவுக்கு உயிர் வருகிறது. அகராதியைப் படித்து ஆங்கிலம் கற்றுக்கொண்டு, தனக்குத்தானே சார்லஸ் என்று பெயரும் வைத்துக்கொள்கிறது. முட்டைக்கோஸ் என்றால் உயிர். ஒருநாள் அது பிரையனிடம், வெளியே என்பது எதுவரைக்கும், அந்த மரத்தோடு முடிந்துவிடுமா என்று கேட்கிறது. இல்லை, மரத்தைத் தாண்டியும் போகும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவ்வளவுதான் அந்தக் காட்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று அப்போது புரியவில்லை.

இப்போது புரிந்த மாதிரி இருக்கிறது. அந்த ரோபோ பிரையனுக்கு ஆறுதல் சொல்லும் யந்திரம் இல்லை. கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறது. வளர்ந்த பிள்ளை மாதிரி முறைத்துக்கொள்கிறது, ஹவாயில் இருக்கும் ஹொனலூலுவுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. ஊரில் ஒரு முரட்டுக் குடும்பம் இருக்கிறது, அவர்கள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாதே என்று பிரையன் பதறுகிறார். அந்தப் பதற்றம்தான் அவரை வீட்டுக்கு வெளியே இழுத்து வருகிறது. அதே ஊரில் இருக்கும் கூச்ச சுபாவமுள்ள பெண் ஹேசலோடு அவர் பேசத் தொடங்குவதும் அதற்கப்புறம்தான்.

தனிமையை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் சின்னக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. மூன்றே கேள்விகள்: துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது. மூன்றுமே தனக்குக் கிடைக்காததைப் பற்றியவை. உதவி எண், வீடு தேடி வரும் தன்னார்வலர் என்று திட்டங்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகின்றன. தனியாக இருப்பவர் கை நீட்டி வாங்க வேண்டியவர், அவ்வளவே.

நாலாவதாக ஒரு கேள்வி சேருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா?

ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'மென்ஸ் ஷெட்' பட்டறைகளை நீங்கள் அறிவீர்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் அங்கே மரவேலையும் பழுதுபார்ப்பும் செய்யப் போகிறார்கள். எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ரிட்டயர்டு ஆன ஒருவர் அக்கம்பக்கத்து மிக்ஸி, மின்விசிறிகளைக் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறார். அவர் எந்த ஆலோசனைக் கூட்டத்துக்கும் வரமாட்டார். ஓடாத மிக்ஸியோடு நீங்கள் போனால் உட்கார வைத்துப் பேசுவார்.

போனில் பேசும் ஏஐ நண்பர்களைப் பற்றிய விவாதத்திலும் இந்தக் கேள்வி உதவும் என்று நினைக்கிறேன். அந்தச் செயலிக்குப் பசிக்காது, கோபம் வராது, நீங்கள் இல்லாவிட்டால் அதற்கு ஒரு குறையும் இல்லை. சார்லஸ் அப்படி இல்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் படத்தைப் போடுங்கள். முதல் கால் மணி நேரம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
படம் பார்த்த ஒருவர்